மிளகு ஏணியில் கட்டிய ஆன்டெனா

1986, ஐப்பசி மாதம், ஒரு ஞாயிறு. இடம்: சோளக்காடு, அரசு ஊழியர் குடியிருப்பு. சென்னையில் நடந்த மேடை நாடகம் ஒன்று அன்று மாலை தொலைக்காட்சியில் ஒளிபரப்பானது. அதில் என் அண்ணன் நடித்திருந்தார். மலையில் மஞ்சு மூட்டமாய் இறங்கியிருந்தது, மழை இல்லை.

அண்ணன் கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டு நாடகக் குழுவில் சேர்ந்ததிலிருந்து, அவர் பேச்சை வீட்டில் எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் கட்டளை. சேந்தமங்கலத்து மாமா நாடகச் செய்தியை அம்மாவுக்கு மட்டும் தெரிவிக்கும்படி பஸ் கண்டக்டரிடம் சொல்லியனுப்பினார். கண்டக்டர் அதைக் கடைத்தெருவுக்கே அறிவித்துவிட்டார்.

எங்கள் பெட்டியில் பெரும்பாலும் புள்ளிகளே தெரியும். அம்மாவோ பிள்ளையின் முகத்தைப் பார்த்தாக வேண்டும். சில்வர் ஓக் மரத்தில் ஆன்டெனாவைக் கட்டினோம். அதில் படர்ந்த மிளகுக்கொடியின் ஈரத்தில் படம் கரைந்தது. ஆன்டெனாவில் இட்லிக் கொப்பரையின் மூடியைக் கோத்துப் பார்த்தோம். ஒலி மட்டும் வந்தது. கடைசியில் பக்கத்துத் தோட்டக்காரர் மிளகு பறிக்கும் ஒற்றை மூங்கில் ஏணியைக் கொண்டுவந்தார். அதன் உச்சியில் கட்டி வாசலில் நிறுத்தியதும் படம் தெளிந்தது. கையை எடுத்தால் சிறு காற்றுக்கும் மூங்கில் சுழன்றது.

“ஆராச்சும் புடிச்சுக்கிட்டே நிக்கோணும் சாமி. என்னைய உட்ருங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டோணும்” என்று அவர் போய்விட்டார்.

நான் பிடித்தேன், அது எனக்கு அடங்கவில்லை. அதுவரை செய்தித்தாளுக்குள் இருந்த அப்பா எழுந்து வந்து என் கையை விலக்கினார்.

“நீ உள்ள போ. நான் ஒண்ணும் அதப் பாக்க வேண்டியதில்ல.”

அண்ணன் கிழவராகத் தோன்றினார். பேசுமுன் இருமுறை தொண்டையைச் செருமினார். மூக்கிலிருந்த கண்ணாடியைச் சட்டைப்பையில் தேடினார். அப்படியே அப்பா. அரங்கம் சிரித்தது. அம்மாவும் முந்தானையால் வாயைப் பொத்திச் சிரித்து, சன்னலைப் பார்த்ததும் அடங்கினார்.

“சத்தத்தக் கொற கண்ணு. அப்பாவுக்குக் கேட்டுறப் போவுது.”

குமிழைத் திருகுவதற்குள் இன்னொரு செருமல். இன்னும் பெரிய சிரிப்பு. படம் நடுங்கியது, கோடுகள் ஓடின. அப்பா கையை விட்டுவிடுவார், அண்ணன் இனி வீட்டுப்படி ஏறவே முடியாது என்றே நினைத்தேன். பிறகு படம் நேராயிற்று. நாடகம் முடியும்வரை அது அசையவேயில்லை.

தலையெல்லாம் பனித்துளியோடு அப்பா உள்ளே வந்தார்.

“ஏனுங்க, கேட்டுச்சுங்களா?” என்றார் அம்மா.

“மழச் சத்தத்துல ஒண்ணுங் கேக்கல.”

எனக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலை என்னைப் பள்ளிக்குக் கிளப்பத் தொண்டையைச் செருமத் தொடங்கிய அப்பா, பாதியில் நிறுத்தி அம்மாவைப் பார்த்தார். இருவரும் சட்டென்று வேறு பக்கம் திரும்பிக்கொண்டனர். அவருக்குச் சளி பிடித்துவிட்டது என்று முடிவுகட்டி, மிளகுக் கஷாயம் போடச் சொன்னேன். கடைசிச் சொட்டுவரை குடித்தார்.

அண்ணன் பிற்பாடு வந்துபோனார். நாடகப் பேச்சு மட்டும் அவர்களிடையே எழவில்லை. அப்பா மறைந்து நாளாயிற்று. அண்ணனும் போன மாதம் மறைந்தார்.

செய்யாமல் நிற்பவை:

அந்தப் பதிவு எங்கேனும் எஞ்சியிருக்கிறதா என்று விசாரிப்பது.

அண்ணன் விட்டுச்சென்ற நாடக உடைப்பெட்டியைத் திறப்பது.

அப்பா அன்று முழு நாடகத்தையும் கேட்டார் என்று அண்ணனிடம் சொல்வது.