அக்காவுக்குச் சொன்ன விஞ்ஞானம்

திருவள்ளூரில் நான் படித்த காலத்தில் எங்கள் வகுப்பில் விஞ்ஞானத்தில் முதல் மார்க் எனக்குத்தான். அதற்குக் காரணம் என் மூளை என்று அப்பா நம்பினார். வெண்டைக்காய் என்று அம்மா நம்பினாள். நான் அப்பாவின் கட்சி.

அக்காவை எட்டாவதோடு நிறுத்திவிட்டிருந்தார்கள். நான் பள்ளிவிட்டு வந்து பையை வைத்ததும் அடுப்படியிலிருந்து குரல் வரும்.

“இன்னைக்கு இன்னாடா நடத்துனாரு?”

சொல்லாமல் தின்பதற்கு எதுவும் கிடைக்காது. வாத்தியார் கண்ணாடிக் குழாயை எந்தக் கையில் பிடித்தார் என்பதுவரை அவளுக்கு வேண்டும். அந்த நச்சரிப்புக்குப் பயந்தே வகுப்பில் கண்கொட்டாமல் உட்கார்ந்திருப்பேன். சுண்ணாம்புத் தெளிநீரில் ஊதினால் பால்போல ஆகிவிடும் என்று நான் சொன்ன அன்று, அம்மாவின் வெற்றிலைச் சுண்ணாம்பைக் கரைத்துத் தெளியவைத்து, பப்பாளிக் காம்பால் ஊதிப் பார்த்தாள். தண்ணீர் வெளுத்தது. அப்போது அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவளுடைய கல்யாணத்தில்கூட நான் பார்க்கவில்லை.

கவரைப்பேட்டையில் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள். அதன்பிறகு வீட்டில் என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. அரைப்பரீட்சையில் என் விஞ்ஞானம் தரைதட்டியது. அப்பா கால்பந்தைத் திட்டினார். அம்மா வெண்டைக்காயை இரட்டிப்பாக்கினாள். முழுப்பரீட்சையிலும் இப்படியே போனால் சித்தப்பாவின் அரிசி மில்லில் வேலைக்கு உட்கார்த்திவிடுவது என்று முடிவாயிற்று. நானோ மாலையில் பையை வைத்துவிட்டு அடுப்படியையே பார்த்துக்கொண்டு நிற்பேன். இன்றைக்கும் அந்த நேரமானால் என் காது அந்தக் கேள்வியைத் தேடுகிறது.

நல்லவேளை, அக்கா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்து, விட்டுப்போன பாடம் அத்தனையும் கேட்டாள். குழந்தை பிறந்தபிறகு தூளியை ஆட்டிக்கொண்டே கேட்டாள். நான் பாஸாகிவிட்டேன்.

கோடை லீவில் மாமா அவளை அழைத்துப்போக வந்தார். பஸ் ஏறுமுன் அக்கா என்னைத் தனியே இழுத்தாள்.

“வர்ற வருசம் கரண்டு பாடம் வருதாமே. லீவுல ஊட்டுக்கு வந்து எனக்குச் சொல்றியாடா?”

என்மேல் இவளுக்கு எவ்வளவு கரிசனம் என்று உருகிப்போனேன். இனியும் அவளைக் கஷ்டப்படுத்தக்கூடாது என்று பெரிய மனுஷன்போலப் பதில் சொன்னேன்.

“வேணாங்க்கா. இனிமே நானே படிச்சிக்கினு பாஸ் பண்ணிடுவேன். நீ கொயந்தைய பாத்துக்க.”

அக்கா குழந்தையைத் தோளில் சாய்த்துக்கொண்டு பஸ் ஏறினாள். பஸ் கிளம்பியபோது முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறந்த வீட்டை விட்டுப் போகிற பெண்கள் எல்லாரும் அழத்தான் செய்வார்கள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.