சுவருக்குப் போன கிரீடம்

மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வந்த வருடம் எங்கள் காஜா பெராங் வட்டாரத்தில் காலிச் சுவரே கிடையாது. கொடி, கூட்டம் என்று சுவரொட்டிகள் ஒன்றின்மேல் ஒன்றாக ஒட்டிக் கிடக்கும். அதற்கு நடுவில்தான் எங்கள் வாசகசாலை நாடகத்துக்கு நான் ஒரு போஸ்டர் செய்ய வேண்டும். போன வருடம் பெஞ்சுகள் பாதி காலி. ராஜா வேடம் கட்டும் நண்பர் தீர்த்துச் சொல்லிவிட்டார்: "இந்தத் தடவையும் இப்படின்னா, நாடகத்த மூட்டை கட்டி வச்சிட வேண்டியதுதான்லா."

எனக்குப் படம் வராது. எழுத்து கொஞ்சம் வரும். பத்திரிகைத் தலைப்புகளின்மேல் எண்ணெய்த்தாள் வைத்து இழுத்துப் பழகியது. தெரிந்ததையெல்லாம் ஒரே தாளில் இறக்கினேன். நடிகர்கள், தலைவர், நன்றியுரை சொல்பவர்வரை ஒருவரையும் விடவில்லை. வாசலில் காயவைத்தேன்.

எதிர்வீட்டு அம்மா கம்போங் செட்டிக்காரர், பல தலைமுறைக்கு முன்பே இங்கே குடியேறிய வம்சம். கும்பிடுவது நம் சாமி, பேசுவது மலாய். இடுப்பில் கை வைத்துப் பார்த்தவர், "பாஞாக் செமுட்" என்றார். நிறைய எறும்பாம்!

சுருக்கென்றது. சாலையைத் தாண்டி அவர் வாசலில் நின்று பார்த்தேன். எறும்புதான்.

மறுநாள் இரண்டே வார்த்தைகள்: நாடகம், சனிக்கிழமை. ஒவ்வொரு எழுத்தும் உள்ளங்கை அகலம். நேரத்துக்கு ஒரு கடிகார விளம்பரத்தை வெட்டி ஒட்டி, முள்ளை ஏழில் வரைந்தேன். ராஜாக் கதையென்று தெரிய ஒரு கிரீடம் வேண்டுமே? சுவரில் தொங்கிய பழைய காலண்டரில் முருகன் தலையில் அருமையான கிரீடம். கத்தரிக்கோலை எடுத்தேன்.

என் மனைவி கையைப் பிடித்துவிட்டாள். "சாமி தலையில கத்திரி வைக்கிறீங்களே, நல்லா இருக்கா? மழை பெஞ்சா லோங்காங் சாக்கடையில விழுந்து ஓடும். நாலு பேரு மிதிப்பாங்க."

நியாயம்தான். வருடம் முடிந்தாலும் சாமி காலண்டரைத் தூக்கிப் போடாத வீடு எங்களுடையது. ஓரக்கோட்டை மட்டும் எண்ணெய்த்தாளில் எடுத்துக்கொண்டேன். அவளே காலண்டரை அசையாமல் பிடித்துக்கொண்டாள். தேயிலைப் பெட்டியிலிருந்து உரித்த வெள்ளித்தாள் நாடகப் பெட்டிக்குள் இருந்தது. அதை அந்தக் கோட்டின்படி வெட்டி நடுவில் ஒட்டினேன். சுற்றிலும் வெறுமையாக விடத்தான் கை கூசியது. நன்றியுரைக்காரர் கோபித்துக்கொள்வாரே! இருந்தும் விட்டுவிட்டேன்.

தெருச் சுவரில் மற்றவற்றின் நடுவே ஒட்டினேன். பின்நேர வெயில் பட்டதும் அது பளீரென்றது. சைக்கிளில் போனவர்கள் காலை ஊன்றிப் பார்த்தார்கள். எதிர்வீட்டு அம்மா கடிகாரத்தைத் தொட்டு, "ராஜா ஏழு மணிக்கா?" என்று மலாயில் கேட்டார். அவர் தமிழ் படிக்கத் தெரியாதவர்.

சனிக்கிழமை பெஞ்சு போதாமல் ஆட்கள் சுவரோரம் நின்றார்கள். அந்த அம்மா குடும்பத்தோடு முதல் வரிசையில். திரை விலகி ராஜா வந்தார், மஞ்சள் அடித்த அட்டைக் கிரீடத்தோடு. வெள்ளித்தாள் முழுவதும் சுவரில் அல்லவா இருந்தது!

"மானா மாக்கோத்தா?" கிரீடம் எங்கே என்று அந்த அம்மா உரக்கக் கேட்க, சபையே சிரித்தது.

முடிந்ததும் நண்பர் நேரே என்னிடம் வந்தார். "கிரீடத்தச் சுவத்துக்குப் போட்டுட்டு, என் தலையில அட்டைய வச்சிட்டியேடா!" சொல்லிவிட்டு, இன்னும் கலையாத கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"அடுத்த தடவ ரெண்டு பெட்டி உரிச்சு வை."