ஐந்து விரல் கடல்

அக்கா விமானம் ஏறிய அன்று அம்மா தண்ணீர்கூடக் குடிக்க மறுத்துவிட்டாள். அப்போது அவளுக்கு நிறைமாதம். மூத்த மகளைக் கட்டிக்கொடுத்த கையோடு வயிற்றில் தம்பி. அத்தானுக்குச் சிங்கப்பூரில் வேலை. மாமா அக்காவை மெட்ராஸுக்குக் கூட்டிப்போய் விமானம் ஏற்றிவிட, நாங்கள் தென்காசியில் கிடந்து தவித்தோம்.

"அவ தரையில கால் வைக்கிற வரைக்கும் எனக்குப் பச்சத்தண்ணி வேண்டாம்" என்றாள் அம்மா. அப்பா விபூதிகூடப் பூசாதவர். "பெட்ரோல்ல ஓடுத வண்டிக்கு நீ எதுக்குப் பட்டினி கெடக்க?" என்று கேலி செய்தார். கொஞ்ச நேரத்தில் அம்மா கண் இருட்டிச் சுவரில் சாய்ந்ததும் கேலி நின்றுவிட்டது.

சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனவர் உச்சிவெயிலில் திரும்பிவந்து சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "தந்தி வந்துட்டு. நல்லபடியா இறங்கிட்டாளாம். கஞ்சியக் குடி." அம்மா அழுதுகொண்டே ஒரு செம்புக் கஞ்சியையும் குடித்து முடித்தாள்.

ஆனால் விளக்கு வைக்கிற நேரத்துக்குத்தான் விமானம் இறங்கும் என்று அக்கா என்னிடம் சொல்லியிருந்தாள். நானும் அட்லஸில் விரல் வைத்து அளந்திருந்தேன். தென்காசிக்கும் மெட்ராஸுக்கும் ஒரு விரல்; அதற்கே ரயிலில் ஒரு ராத்திரி. அங்கிருந்து சிங்கப்பூருக்கு ஐந்து விரல், அத்தனையும் கடல். அக்கா இன்னும் கடலுக்கு மேலேதான் இருக்கிறாள். அவளைத் தாங்கிக்கொண்டிருந்த பட்டினியை அப்பா கலைத்துவிட்டார். உண்மையைச் சொன்னால் அம்மா மறுபடி சாய்ந்துவிடுவாள். வேறு வழி தெரியாமல், மிச்சப் பட்டினியை நானே இருப்பது என்று முடிவு செய்தேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மா கண்ணயர்ந்ததும் அப்பா, "ஏட்டி, குற்றாலத்துல சாரல் விழுது, வா" என்று என்னை பஸ் ஏற்றினார். அவருக்கு வீட்டில் இருப்புக்கொள்ளவில்லை. அங்கே மலையே தெரியாமல் மேகம் இறங்கியிருந்தது. இந்த மேகத்தில் விமானத்துக்கு வழி எப்படித் தெரியும் என்று கேட்டேன். அப்பா நேரே அருவிக்குள் போய் நின்றுகொண்டார்.

அருவியில் குளித்தபின் வருகிற பசி சாதாரணப் பசி இல்லை. கடையில் மிளகாய் பஜ்ஜி பொரிந்துகொண்டிருந்தது. அப்பா எனக்கு மட்டும் ஒரு தட்டு வாங்கினார்.

"எனக்கு வயிறு சரியில்ல. நீ தின்னு."

"எனக்கும் சரியில்ல" என்றேன்.

வேறு நாளாக இருந்தால், வாங்கிய பிறகு வேண்டாம் என்றதற்குத் தலையில் ஒரு குட்டு விழுந்திருக்கும். அன்று பஜ்ஜியைக் குரங்குகளுக்குப் போட்டார்.

வீட்டுக்கு வந்து, விளக்கு வைத்ததும் நான் இரண்டு ஆள் சோறு சாப்பிட்டேன். அப்பா வயிறு இன்னும் சரியாகவில்லை என்று படுத்துவிட்டார்.

மறுநாள் காலையில் தந்திக்காரர் சைக்கிளில் வந்தார். வாசலிலேயே பிரித்துப் படித்த அப்பா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"அதான் நேத்தே வந்துட்டே?" என்றாள் அம்மா.

"இது ரெண்டாவது தந்தி" என்று சொல்லி நேரே அடுப்படிக்குப் போனவர், இட்லிக்கு முன்னால் உட்கார்ந்து அடுக்கடுக்காகத் தின்றார். வயிறு சரியில்லாத மனுஷன் இப்படியா தின்பது என்று அம்மா சத்தம் போட்டாள். எனக்கும் அதே கேள்விதான் இருந்தது. பட்டினி கிடந்து அக்காவைச் சிங்கப்பூர் சேர்த்தவள் நான் ஒருத்திதான் என்ற கர்வம் எனக்கு வெகுகாலம் இருந்தது.