ஆ-லுவான் திட்டும் மரம்

தைவானின் தைனான் நகரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் துப்புரவு வேலை பார்க்கும் ஆ-லுவான், நூலகத்துக்குப் பின்னால் நிற்கும் ஆலமரத்தைத் திட்டாமல் துடைப்பத்தைக் கையில் எடுத்ததில்லை. பெருக்கி நிமிர்வதற்குள் அது ஒரு கூடை இலையைக் கொட்டும். இலை போதாதென்று பழம். பழம் தின்ன வரும் பறவைகளின் எச்சம் வேறு.

"என் இடுப்ப ஒடிக்கணும்னே பொறந்து வந்தியா?" என்பாள். மாணவர்கள் சிரித்துக்கொண்டே போவார்கள்.

திட்டுவதெல்லாம் வாயளவில்தான். பக்கவாதத்தில் வலது கையும் காலும் விழுந்துபோன புருஷன் குன்-ஷெங்கைச் சக்கர நாற்காலியில் தள்ளிவந்து, வேலை முடியும்வரை அவள் விட்டுவைப்பது அந்த மரத்தடியில்தான். அவர்கள் வீடு மொட்டை மாடியில் தகரம் வேய்ந்தது. கோடையில் உள்ளே மனுஷன் வெந்துபோவான். மரத்தடியிலோ உச்சி வெயிலிலும் காற்று சிலுசிலுவென்று வரும். மாதக்கணக்கில் வாயே திறக்காமல் கிடந்தவர், அங்கே மாணவர்களோடு சதுரங்கம் ஆடி, அவர்கள் செய்த கள்ளாட்டம் பொறுக்காமல்தான் மறுபடி பேசினார். முதலில் வந்த வார்த்தையே "திருட்டுப் பயலே!" ஆ-லுவான் துடைப்பத்தைப் போட்டுவிட்டு அழுதாள். ஏமாற்றிய மாணவனுக்கு அன்று இஞ்சிப்பாகு ஊற்றிய டோஃபு வாங்கிக் கொடுத்தாள்.

ஒரு நாள் கட்டடப் பிரிவு ஆட்கள் வந்து மரத்தில் சிவப்பு பிளாஸ்டிக் நாடாவைக் கட்டிவிட்டுப் போனார்கள். அங்கே வாகன நிறுத்தம் வரப்போகிறதாம், மரத்தை வெட்டப்போகிறார்களாம். இந்த மனுஷனை இனி எங்கே கொண்டுபோய் வைப்பது? ஆ-லுவான் அவரிடம் மூச்சு விடவில்லை.

மறுநாள் காலை நடைக்கு வந்த அக்கம்பக்கத்துப் பெண்கள் அந்தச் சிவப்பைப் பார்த்தார்கள். சாமி குடியேறிய மரத்துக்கல்லவா சிவப்பு கட்டுவார்கள்! ஆரஞ்சுகளைக் குவித்து ஊதுபத்தி கொளுத்தினார்கள். ஒருத்தி முழங்கால் வலிக்கு வேண்டிக்கொண்டாள்.

"ஏன் ஆ-லுவான், இங்கயேதான கெடக்க? சாமி வந்துருக்குன்னு ஒரு வார்த்த சொன்னியா?"

ஊதுபத்தியைக் கண்டால் அள்ளிக் குப்பையில் போட வேண்டியது ஆ-லுவானின் வேலை. அன்று அதைச் சுற்றிப் பெருக்கினாள்.

ரம்பத்தோடு வந்த ஒப்பந்தக்காரர் ஆரஞ்சுகளைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றிவிட்டார்.

"என்னால ஆகாது சார். நான் புள்ளகுட்டிக்காரன்."

கட்டடப் பிரிவு அதிகாரி ஹோவுக்குக் கடுப்பு. "அடையாளத்துக்கு நாங்க கட்டுனதுய்யா அது!"

"யாரு கட்டுனா என்ன? சாமி வந்து உக்காந்தாச்சே."

ஹோ ஆ-லுவான் பக்கம் திரும்பினார். "நீயாவது சொல்லும்மா. வெறும் நாடாதான?"

"நான் கூட்டுறவ சார். சாமி விஷயம் எனக்கெங்க தெரியும்?"

பொய் பழகாத முகம் சிவந்துபோயிற்று. ஹோ மரத்தை அண்ணாந்து பார்த்தார். போகும்போது, யாரும் கவனிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டு ஒரு கும்பிடும் போட்டார். வாகன நிறுத்தம் மைதானத்துக்கு அந்தப் பக்கம் போயிற்று.

பிறகொரு நாள், புயல் ஓய்ந்து வெயில் வந்தபின், கூட்டிய குப்பையில் நாடா அறுந்து கிடந்ததைக் கண்டு ஆ-லுவான் பதறிப்போய் மரத்தடிக்கு ஓடினாள். அங்கே, தாழத் தொங்கிய விழுதொன்றில் சிவப்புத் துணி. புத்தாண்டுக்கு அவர்கள் வீட்டு வாசலில் கட்டியது. இடது கையும் பல்லுமாகப் போட்ட கோணல் முடிச்சு. அதன் கீழே, நாற்காலியில் குன்-ஷெங்.

"கெழட்டுக் கொரங்கே! உனக்கு எப்பலேருந்து தெரியும்?"

"அவனுங்க நாடா கட்டுன அன்னைக்கே. என் தலைக்கு மேலதான பேசிக்கிட்டானுங்க."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ தூங்க மாட்டியே."

அவிழ்த்து ஒழுங்காகக் கட்டலாமென்று ஆ-லுவானின் கை விழுதுவரை போயிற்று. கோணலாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.