சுவரில் இரண்டு குழிகள்

மருமகள் பிள்ளைக்கு ஓமத்தண்ணீர் காய்ச்சினால் நான் வாசலுக்குப் போய்விடுவேன். இன்றும் போனேன். அந்த வாசனையில் எனக்கு ஆறு வயது.

ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் அம்மா நாளுக்கு நாள் வெளுத்துக்கொண்டே வந்தாள். கூடையோடு நாலடி ஏறினால் மூச்சு வாங்கும். கங்காணி சோம்பல் என்றார். அப்பா காட்டேரி என்று நம்பி, பலி கொடுக்கச் சேவல் வாங்கிக் கட்டியிருந்தார்.

தோட்டத்து டாக்டர் ஐயா எங்கள் ஒற்றை அறைக் காம்பராவுக்கே வந்தார். அம்மாவின் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார். பிறகு அவளை விட்டுவிட்டுச் சுவரைப் பார்க்க ஆரம்பித்தார். அரிசிச் சாக்கை நகர்த்தினார். பின்னால் மண்பூச்சு பெயர்ந்து குழியாக இருந்தது.

“எலி நோண்டுதுங்க” என்றாள் அம்மா.

“நோண்டிட்டு எலியே சாக்கை இழுத்து மூடுமா? மண்ணு திங்கிறியா புள்ள?”

அம்மா தலைகுனிந்தாள். “மழை பேஞ்சா மணக்குதுங்க. வாய் கேக்க மாட்டேங்குது.”

“வயித்துல புழு இருந்து ரத்தத்தைக் குடிக்குது. அதான் மண்ணு கேக்குது” என்று அப்பாவிடம் சொன்னார். “சேவலை அவுத்து விடு.”

புழு மருந்தான வெள்ளைத் தூளைப் பொட்டலம் கட்டினார். ஓமத்தை அரைத்ததுபோல் காம்பரா மணத்தது. கட்டி முடித்தவர் சுவரை மறுபடி பார்த்தார். அம்மாவின் குழிக்குக் கீழே, முழங்கால் உயரத்தில், இன்னொரு சின்னக் குழி. என் கைகள் முதுகுக்குப் பின்னால் போயின.

அவர் பாதி அளவு தூள் எடுத்து இரண்டாவது பொட்டலம் கட்டினார்.

கொஞ்ச நாளில் அம்மா மறுபடி கொழுந்து பறிக்க மலைக்குப் போனாள்.

வாசலில் இப்போது மழை தூறுகிறது. மண் மணக்கிறது. ஓமத்துக்குப் பயந்து வந்த எனக்கு வாயில் எச்சில் ஊறுகிறது.