முப்பத்தேழு விநாடிப் பாவம்

தகவலைச் சுமந்துபோகும் பொட்டலமான பாக்கெட் எந்த நொடியில் கிளம்ப வேண்டும் என்று நெட்வொர்க் கார்டுக்குச் சொல்வது டிரைவர் என்ற மென்பொருள். அந்த டிரைவரைப் பயன்படுத்துவது எப்படி என்று தேனி அல்லிநகரத்தில் உட்கார்ந்து எழுதுகிறவள் நான். யாரும் வாசிக்கப்போவதில்லை என்ற தைரியத்தில் குறிப்பெழுதிப் பிழைக்கும் சக ஜீவன்களே, கேளுங்கள்.

உஸ்ஸ்ஸ்

போன வாரம் பிள்ளை தூங்கியபிறகு லேப்டாப்பிலிருந்து உஸ்ஸ்ஸென்று ஒரு சத்தம். அத்தை விளக்குமாற்றோடு வந்துவிட்டார். "பாம்பா, ஆத்தா?" பாம்பில்லை. வாடிக்கையாளர் ஒருவர் தன் அரங்கத்து ஸ்பீக்கர்களை ஆன்லைன் மீட்டிங்கில் கேட்கவைத்தார். பாட்டு பாக்கெட் பாக்கெட்டாக நெட்வொர்க்கில் போய், எல்லாம் ஒரே நொடியில் பாட வேண்டும். ஒன்றுமே பாடவில்லை, வெறும் இரைச்சல்.

"உங்க குறிப்புல இருந்த உதாரணத்தை அப்படியே காப்பி பண்ணோம் மேடம், ஒரு பாக்கெட்கூட வெளிய போகல."

இரண்டு கடிகாரம்

கம்ப்யூட்டருக்கு ஒரு கடிகாரம், கார்டுக்கு ஒன்று. கார்டினுடையது முப்பத்தேழு விநாடி முந்தி ஓடுமாம். நான் உதாரணத்தில் கொடுத்தது கம்ப்யூட்டர் நேரம். கார்டின் கணக்கில் அது முடிந்துபோன நேரம். அப்படி வரும் பாக்கெட்டை டிரைவர் பேசாமல் வீசிவிடும். டிரைவரை எழுதிய இன்ஜினியர்தான் என் குறிப்புப் பக்கத்தையும் சரிபார்த்தவர். ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"படிச்சாத்தானே மேடம் தெரியும்? நான் ஓகே மட்டும்தான் போட்டேன்."

அத்தையின் சந்தேகம்

முகம் வாடியிருக்கிறதே என்று அத்தை துருவித் துருவிக் கேட்டார். நேரம் தவறினால் பாக்கெட்டைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்றேன். அவருக்குக் கோபமே வந்துவிட்டது.

"இதென்னத்தா அநியாயம்? போடிக்குப் போற பஸ்ஸு அரைமணி பிந்தித்தான் வருது, அதுக்காக ஆளுகள வைகை அணையிலயா தள்ளுறாக?"

மேனேஜர்

பக்கத்தைத் திருத்தினால் மட்டும் போதாது, ஏற்கெனவே காப்பி செய்த எல்லோருக்கும் 'முந்தைய உதாரணம் தவறு' என்று எழுத வேண்டும் என்று மேனேஜரிடம் சொன்னேன். கான்வென்ட்டில் படித்த வாய். தப்பை ஒப்புக்கொண்டால்தான் தூக்கம் வரும். என் வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. கைப்பிள்ளையோடு வீட்டிலிருந்தே பார்க்க இன்னொரு வேலை தேனியில் கிடைக்காது. மேனேஜருக்கும் அது நன்றாகத் தெரியும்.

"சத்தமில்லாம மாத்திருங்க மேடம். அடுத்த வாரம் உங்க கன்ஃபர்மேஷன் வருது, நிம்மதியா தூங்குங்க."

எதை எந்த நொடியில் அனுப்ப வேண்டும் என்று ஊருக்கெல்லாம் எழுதிக்கொடுத்த நான், ஒரே ஒரு மன்னிப்புக் கடிதத்தை அனுப்ப நாலு ராத்திரி தள்ளிப்போட்டு, இன்றுதான் போனையும் பிள்ளையையும் அத்தையிடம் கொடுத்துவிட்டு, லேப்டாப்போடு அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டிருக்கிறேன்.