சேற்றுக்கு ஒரு ஸ்கேன்

"பேஷன்ட் பேரு?"

"சேறு."

திண்டுக்கல்லில் ஒரு ஸ்கேன் சென்டர். ரிசப்ஷனில் இருந்த பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். என் தோளில் சாய்ந்திருந்த பிவிசி குழாயைப் பார்த்தார்.

"வயசு?"

"அடியில சில ஆயிரம் வருஷம். மேல, போன மாசத்துது."

கம்ப்யூட்டர் அந்த வயதை ஏற்கவில்லை. கடைசியில் என் பெயரையும் என் வயதையுமே போட்டுக்கொண்டோம்.

எதற்கு இந்தக் கூத்து? ராமநாதபுரம் கடற்கரையோரக் காயல் ஒன்றில், குழாயை அடித்து இறக்கி, அடுக்கு கலையாமல் உருவி எடுத்து வந்த சேறு அது. நான் சுண்ணாம்புப் பாறைகளை ஆராய்பவள். பெட்ரோல் பூமிக்கடியில் ஏரி மாதிரி கிடக்கிறது என்றுதானே நினைக்கிறீர்கள்? இல்லை. பாறையின் பொடிப்பொடித் துளைகளில் ஒளிந்திருக்கிறது. அந்தப் பாறைகளில் பல, ஒரு காலத்தில் இப்படிக் காயல் சேறாக இருந்தவை. நண்டும் புழுவும் அன்றைக்குத் தோண்டிய வளைகள், சேறு பாறையான பிறகு எண்ணெய் ஓடும் பாதையாகலாம். அவ்வளவு ஆழத்துக்குப் போய்ப் பார்க்க முடியாது. அதனால் இன்றைய சேற்றைப் பார்த்து அன்றைய பாறையைப் புரிந்துகொள்கிறோம். குழாயை வெட்டினால் வளைகள் சிதைந்துவிடும். வெட்டாமல் பார்க்க ஒரே வழி — சி.டி. ஸ்கேன்!

கேட்ட இடத்தில் எல்லாம் சிரித்தார்கள். என் சொந்த ஊர்க்காரரான இந்த சென்டரின் ஓனர் மட்டும் சரி என்றார். ஒரே நிபந்தனை: நோயாளிகளுக்கு நடுவே கேப் கிடைக்க வேண்டும்.

கிடைத்தது. வேடசந்தூரில் மில் வேலை பார்க்கும் ஓர் அக்காவால். நாள்பட்ட இருமலுக்காக நெஞ்சு ஸ்கேன் எழுதிக் கொடுத்திருந்தார் டாக்டர். பெயரைக் கூப்பிட்டதும் கதவு வரை போனவர், மெஷினைப் பார்த்துவிட்டு, திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"நான் வரலப்பா. உள்ள தள்ளிவிட்டுட்டு அம்புட்டுப் பேரும் வெளிய ஓடிருவாகளாம்ல?"

"செத்த நேரந்தான் புள்ள. கண்ண மூடிக்க" என்றார் கூட வந்திருந்த கணவர்.

"அப்ப நீங்க போய்ப் படுங்க."

"எனக்கா இருமுது?"

டெக்னீஷியன் பெருமூச்சு விட்டார். "மேடம், நீங்க குழாயக் கொண்டாங்க."

அக்கா என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, குழாய்க்கு என்ன நோவு?"

"நோவு இல்லக்கா. உள்ள இருக்க சேத்துல ஓட்டை இருக்கான்னு பாக்கணும்."

"இருந்தா?"

"நல்லதுக்கா. நிறைய இருந்தா ரொம்ப நல்லது."

"எனக்கு நெஞ்சுல ஓட்டை கீட்டை இருக்கான்னு பாக்கத்தான் வரச் சொன்னாக. இருக்கக் கூடாதுன்னு நேந்துக்கிட்டு வந்திருக்கேன். நீ இருக்கணும்னு வேண்டுறியா? சாமி கொழம்பிரும் தாயி!"

சிரித்தார். கண் மட்டும் சிரிக்கவில்லை.

நாம் எல்லோருமே இப்படித்தான், இல்லையா? எடை மெஷின் ரிப்பேர். தெர்மாமீட்டர் தப்பு. லேப் சரியில்லை... என்ன சொல்லிவிடுமோ என்ற பயத்தில் மெஷின் மேல் பழி போடுகிறோம்.

"வாங்கக்கா, கண்ணாடி வழியாப் பாப்போம்" என்றேன்.

குழாய் படுத்தது. உள்ளே நகர்ந்தது. வெளியே வந்தது. திரையில் சாம்பல் நிறச் சேறு... வெள்ளை வெள்ளையாகச் சிப்பிகள்... நடுவே கறுப்பாக, வேர் மாதிரி கிளைவிட்டு ஓடும் வளைகள்! நான் நிதானமானவள் என்று வீட்டில் பெயர். அங்கே கை தட்டிவிட்டேன்.

"அம்புட்டும் ஓட்டையா?"

"ஆமாக்கா!"

"இம்புட்டு ஓட்டைய வச்சுக்கிட்டு அது பாட்டுக்குப் படுத்துட்டு வந்திருச்சு. எனக்கென்ன கேடு?" முந்தானையை இடுப்பில் சொருகினார். "வாரேன் தம்பி, என்னையும் படுக்க வை."

மாலையில் ஸ்கேன் படக் கவரை வாங்கப் போனபோது, வாசல் டீக்கடையில் இருவரும் நின்றிருந்தார்கள். டாக்டர் பார்த்துவிட்டாராம். ஓட்டை இல்லை; பஞ்சுத் தூசி ஒத்துக்கொள்ளவில்லை, மாத்திரை போதும் என்றாராம். அக்கா கையில் வடை.

"உனக்கு என்னாச்சு தாயி?"

"நிறைய ஓட்டைக்கா!"

"சாமி கொழம்பல, பாத்தியா!" என்று எனக்கும் ஒரு டீ சொன்னார்.

கவர் மேல் என் பெயரும் வயதும் கொட்டை எழுத்தில் இருக்கின்றன. அம்மா பிரித்துப் பார்ப்பதற்குள் லேபுக்குக் கொண்டுபோயாக வேண்டும்.